யார் நட்ட அரிசி

என் கடைக்கு அரிசி வாங்க வருகிறவர்கள் ஒரு கை அள்ளிப் பார்ப்பார்கள். சிலர் மூக்கருகே கொண்டுபோவார்கள். வயசானவர்கள் ரெண்டு மணியை வாயில் போட்டுக் கடித்துவிட்டு, பழசா புதுசா என்று அவர்களே தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். அவர் முதல்முறை வந்தபோது அரிசியைத் தொடவே இல்லை. அரிசிப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பையில் ஒரு பெண்ணின் படம் அச்சடித்திருக்கும். தலையில் நெற்கட்டு, நெற்றியில் பெரிய பொட்டு, எல்லாப் பல்லும் தெரிகிற சிரிப்பு.

"இவ எந்த ஊருக்காரி?" என்று கேட்டார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து, அச்சடித்த ஊர்க்காரியாக இருப்பாள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. இந்த நெல்லை நட்டது யார், அறுத்தது யார், அவர்களுக்கு என்ன கூலி, மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று வரிசையாகக் கேட்டார். அரிசி வெளிமாநிலத்திலிருந்து லாரியில் வந்தது. லாரி டிரைவர் எங்கே சாப்பிட்டான் என்பதே எனக்குத் தெரியாது. அப்படியானால் வேண்டாம் என்று போய்விட்டார். கொட்டாரம் சந்திப்பில் கடை போட்ட நாளிலிருந்து எத்தனையோ பேர் வாங்காமல் போயிருக்கிறார்கள். விலை கூடுதல் என்று போனவர்கள் உண்டு, கடன் தரவில்லை என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. நட்டவளைத் தெரியவில்லை என்று போன முதல் ஆள் அவர்தான். மனிதருக்கு எங்கோ ஒரு ஆணி கழன்றிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கல்ஃப்காரர் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு கோலம் உண்டு. கழுத்தில் சங்கிலி, ஆள் வருவதற்கு முன்னால் வருகிற சென்ட் வாசனை, மாடிக்கு மேல் மாடி. இவரிடம் அதில் ஒன்றும் கிடையாது. ஓட்டு வீடு, பழைய மொபெட், வெளுத்த அரைக்கைச் சட்டை. அங்கே என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால் 'கம்பெனி' என்பார், அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார். ஊரையெல்லாம் கேள்வி கேட்கிற மனிதர், தன்னைக் கேட்டால் மட்டும் கதவைச் சாத்திவிடுவார். எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

காய்கறிக் கடையில் அவர் நின்றால் பின்னால் நிற்கிறவர்களுக்குப் பொறுமை போய்விடும். மட்டிப் பழக் குலையைத் தூக்கிப் பார்ப்பார். "இதுக்க ஆளு யாரு?" என்பார். வெட்டினது எந்தத் தோட்டம், சுமந்தவனுக்குக் கூலி கையில் வந்ததா என்று போய்க்கொண்டே இருக்கும். ராஜாக்கமங்கலம் பக்கத்திலிருந்து வருகிற மீன்காரி ஒருத்தி, அதைக் கடலில் போய்க் கேளுங்கள் என்று கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அடுத்த முறை வந்தபோது, அண்ணன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, வள்ளத்தில் யார் யார் போனார்கள், பங்கு எப்படிப் பிரித்தார்கள் என்று அவளாகச் சொல்லிவிட்டுத்தான் மீனை எடுத்து வைத்தாள். அவருடைய கேள்வியில் அப்படி ஒரு வசியம் இருந்தது. முதலில் எரிச்சல் வரும். பிறகு, நம்மையும் ஒருவர் கேட்கிறாரே என்று இருக்கும்.

அவர் மனைவியை நாங்கள் மைனி என்போம். மைனியின் பாடுதான் பாடு. அவரைக் கத்திரிக்காய் வாங்க விட்டால் குழம்பு மறுநாள்தான் என்று என்னிடமே புலம்பியிருக்கிறார். ஒரு கல்யாணப் பந்தியில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன், என் கெட்ட நேரம். சோறு விழுந்ததும், இந்த அரிசி எங்கேயுள்ளது என்று பரிமாறுகிறவனைக் கேட்க ஆரம்பித்தார். பெண்ணின் அப்பா, சாப்பாட்டில் ஏதோ குறை என்று பதறிப்போய் ஓடிவந்தார். பிரதமன் பாயசம் வருவதற்குள் பாதிப் பந்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தேன்.

இவ்வளவு சொல்கிறேனே, இவரிடம் நான் எப்படி மாட்டிக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் அய்யாவழித் தாங்கல் ஒன்று இருக்கிறது, எங்கள் வழிபாட்டு இடம். ஞாயிற்றுக்கிழமை உச்சிப் பணிவிடை முடிந்ததும் அங்கே அன்னதர்மம் நடக்கும். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதற்கு அரிசி என் கடையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. தாங்கலுக்குள் ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு காலத்தில் தலையில் துண்டு கட்டவே கூடாது என்று அடக்கி வைக்கப்பட்டவர்கள், சாமி முன்னால் தலைப்பாகையோடு நிமிர்ந்து நிற்கிற வழக்கம் அது. அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, தலைப்பாகையை அவிழ்க்காமலேயே எழுந்து நின்று பேசினார்.

"நம்ம தலையில துண்டு கெட்டப்பிடாதுன்னு ஒரு காலம் இருந்துது. இண்ணைக்குக் கெட்டிக்கிட்டுச் சாமி முன்ன நிக்கோம். நாம இப்பத் தின்ன சோத்துக்கு நாத்து நட்ட பொம்பளைக்கு, ஈரச் சேலைய மாத்த ஒரு மறவு இருந்துதான்னு நமக்குத் தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை. நம் ஊர் வயலில் விளைந்த நெல்லை, நட்டவர்களுக்கு நியாயமான கூலியும் மரியாதையும் கிடைக்கிற வயலாகப் பார்த்து வாங்குவோம், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்குவோம் என்பது அவர் திட்டம். நெல்லை அரைத்துக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. யார் அண்ணே கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்கள், சூப்பர் மார்க்கெட்டில் பாதி இலவசம் என்று போர்டு மாட்டியிருக்கிறானே என்று கேட்டேன். ஆட்களை நான் கொண்டுவருகிறேன் என்றார். கொண்டும் வந்தார். தெருவிலுள்ள பெண்கள் முதலில் அவருடைய தொல்லை தாங்காமல்தான் பேர் கொடுத்தார்கள். தாங்கல் வாட்ஸ்அப் குழுவில் அவர் தினமும் குரல் செய்தி போடுவார், அதை நிறுத்துவதற்காகவே ஒரு பைக்குச் சொல்லி வைத்தவர்களும் உண்டு.

வயல் ஒன்று வேண்டுமே. கொட்டாரத்தை அடுத்துள்ள பெரிய வயல்வெளியில், பாங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவருக்குச் சில கண்டங்கள், அதாவது வயல் துண்டுகள், உண்டு. பரம்பரையாக விவசாயம் செய்கிற சைவக் குடும்பம். நல்ல மனிதர் என்றுதான் நானும் சொல்வேன். தேவாரம் கேட்டால் கண் கலங்குவார். ஆனால் வயலில் அவருக்கு ஒரு முறை இருந்தது. நடவுக்கு வருகிற பெண்களுக்குச் சாயா கொண்டுவந்தால், தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி, அந்த அடிப்பகுதியில் ஊற்றிக் கொடுப்பார்கள். மோட்டார் அறையைத் திறந்துவிட மாட்டார்கள். நட்டு முடித்துத் தொளிச் சேறும் ஈரமுமாக ஏறுகிற பெண்கள், வாழை மூட்டுக்குப் பின்னால் ஒருத்திக்கு ஒருத்தி சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு உடுப்பு மாற்ற வேண்டும். ரோட்டில் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும். கூலியும் அடுத்த வயல்வெளியில் கொடுப்பதைவிடக் குறைவு. யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கிழவியோ குமரியோ எல்லோரும் 'ஏட்டி'தான்.

இதையெல்லாம் அண்ணனுக்குச் சொன்னது பாக்கியக்கா. அந்த வயலுக்கு நடவு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர். உருவம் சிறிது, ஆனால் நடவு வரிசையில் அவர் நின்றால் மற்றவர்கள் கைவேகத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். கணவர் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்த ஊரில் மகளுக்கே சோற்றுக்குப் பாடு. அண்ணன் மொபெட்டை வரப்போரம் நிறுத்திவிட்டுப் பேச்சுக் கொடுப்பார். முதலில் அக்கா அவரை 'முதலாளி' என்றாராம். அப்படிக் கூப்பிட்டால் நான் வரவே மாட்டேன் என்று அண்ணன் சண்டை போட்டு, 'அண்ணே' ஆக்கினார். அண்ணன் என்று ஆன பிறகுதான் அக்கா வாழை மூட்டைப் பற்றிச் சொன்னார்.

நெல் விலை பேச வயல்காரரை என் கடைக்கு வரச் சொல்லியிருந்தேன். சாயங்காலம், நல்ல கூட்டம். அண்ணன் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகச் சாயாவுக்கும் மோட்டார் அறைக்கும் போனார். வயல்காரர் முகம் சுருங்கியது. உரம் என்ன விலை விற்கிறது, மில்காரன் என்ன விலைக்குக் கேட்கிறான், வயல் வைத்திருப்பதே நஷ்டத்துக்குத்தான் என்று சொல்லிப் பார்த்தார். அதிலும் பொய் இல்லை. பிறகு, இதெல்லாம் உமக்கு யார் சொன்னது என்று கேட்டார். அண்ணனுக்கு அப்போது உற்சாகம். பக்கத்தில் நின்றவர்கள் வேறு தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒமக்க கண்டத்துக்கு ஆள் கூட்டிட்டு வாறவளே சொன்னா. அதுக்கு மேல என்னவே சாட்சி வேணும்?" என்றார்.

வயல்காரர் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். ஜெயித்துவிட்டோம் என்று அண்ணன் என் ஸ்டூலில் உட்கார்ந்து சாயா வரவழைத்துக் குடித்தார். எனக்கும் ஒன்று சொன்னார்.

எங்கள் பக்கத்தில் போகத்தைப் பூ என்போம். அடுத்த கன்னிப்பூ நடவுக்கு அந்த வயலில் ஆட்கள் இறங்கினார்கள். பாக்கியக்கா மட்டும் இல்லை. ஆள் கூட்டுகிற பொறுப்பு வேறொருத்திக்குப் போயிருந்தது. பக்கத்து வயல்களிலும் கேட்டுப் பார்த்திருக்கிறார். ஆள் நிறைந்துவிட்டது என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். வயல்காரர்கள் ஒருத்தருக்கொருத்தர் போன் செய்து பேசிக்கொண்டிருப்பார்கள் போல. வாய் நீண்டவள் என்று பேர் ஆகிவிட்டது. வயலில் கை எவ்வளவு வேகமாக இருந்தாலும் அந்தப் பேருக்கு முன்னால் அது நிற்காது.

அக்கா என் கடைக்கு வந்தார். அண்ணன் அங்கே இருப்பார் என்று தெரிந்தேதான் வந்திருக்க வேண்டும். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"அண்ணே, நான் ஒங்ககிட்ட சொன்னது எனக்க சங்கடத்த. நீங்க அத எடுத்து அவருக்க மொகத்துல எறிஞ்சிய. எறியதுக்கு முன்ன, எறியட்டுமா பாக்கியம்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

அண்ணன் எழுந்து நின்றார். அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, அரிசிப் பைகளுக்கு நடுவே வழி பார்த்து இறங்கிப் போனார். அண்ணன் அன்றைக்கு ஸ்டூலில் மறுபடி உட்காரவில்லை. கடை அடைக்கிற வரை நின்றுகொண்டேயிருந்தார்.

அவரை அதற்கு முன்னால் தெரிந்தவர்களுக்கு, அதற்குப் பின்னால் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. சந்தையில் கேள்வி நின்றுபோயிற்று. எடைபோட்டதை வாங்கிக்கொண்டு பேசாமல் போனார். மீன்காரி என்னிடம் வந்து, அண்ணனுக்கு உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தாள். மைனி முதலில் சந்தோஷப்பட்டார், பிறகு பயந்துபோனார். அண்ணன் நேராக வயல்காரர் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது, அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். வயல்காரர் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முடியாது என்றும் சொல்லியிருக்கிறார்.

மழை கொட்டிய ஒரு மத்தியானம் கடையில் நாங்கள் ரெண்டு பேரும்தான் இருந்தோம். அன்றைக்குத்தான் கம்பெனி என்று அவர் சொன்னது என்ன என்று தெரிந்தது. பாலைவனத்தில் கண்ணாடிக் கூரை போட்ட காய்கறித் தோட்டம். இவர் வெள்ளரிக்காய் பறிக்கிற ஆள். பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில். சாப்பாடு லாரியின் நிழலில். பறித்ததை அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். பெட்டியின் மேல் ஒரு விவசாயியின் படம், தொப்பி வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பான்.

"அவன நாங்க ஒருத்தரும் பாத்ததே இல்ல வே. இவனுக்கு எந்த ரூமுல கட்டில் போட்டிருக்குன்னு கேட்டுச் சிரிப்போம். அம்புட்டு வருசத்துல தின்னவன் ஒருத்தன் வந்து, பறிச்சவன் யாருன்னு கேக்கல்லே."

சொல்லிவிட்டு என் கடையிலுள்ள பைகளைப் பார்த்தார். அந்தப் பெண் எல்லாப் பைகளிலும் சிரித்துக்கொண்டிருந்தாள். கேட்கிறவனாக நான் இருக்க வேண்டும் என்று நினைத்து வந்தேன், கேட்டு ஒருத்தியின் வாயில் மண்ணைப் போட்டேன் என்றார். மழை விட்டதும் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்தது வேறு விதமான வேலை. நடவுப் பெண்கள் கால்வாய் ஓரம் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்துக்கு மைனியைக் கூட்டிக்கொண்டு போனார். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாக்கியத்துக்கு நடந்தது எங்களுக்கும் நடக்கவா என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். மைனி மறுநாளும் போனார். தான் கொண்டுபோன சோற்றை அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அண்ணன் தள்ளி, மொபெட்டின் பக்கத்தில் நிற்பார். ஒன்றும் கேட்பதில்லை. ஒரு பூ முழுக்க இப்படிப் போயிற்று. ஒருநாள் பெண்கள் தாங்களாகவே சொன்னார்கள், நாங்கள் சொல்வதைச் சொல்வீர்களா, சொல்லாததைச் சொல்லாமல் இருப்பீர்களா என்று.

அவர்கள் முதலில் கேட்டது கூலி என்று நான் நினைத்தேன். இல்லை. ஒருத்தி சொன்னாள் என்று அவளை மட்டும் விலக்கக் கூடாது, அதுதான் முதலாவது. பிறகு மோட்டார் அறை, டம்ளர், பேர் சொல்லிக் கூப்பிடுவது. கூலி கடைசியில்தான் வந்தது. இதை எல்லாப் பெண்களும் ஒன்றாகப் போய் வயல்காரரிடம் சொன்னார்கள். அவர்களுக்குப் பின்னால் தாங்கல்காரர்களும், எங்கள் தெருப் பெண்களும், வேண்டாவெறுப்பாக நானும் போய் நின்றோம். அண்ணன் எல்லாருக்கும் பின்னால் நின்றார், வாயே திறக்கவில்லை. விளைகிற நெல் முழுவதையும் மில் விலைக்கு மேலே கொடுத்து நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், கூடுதலாகக் கொடுப்பது நட்டவர்கள் கைக்குப் போக வேண்டும், போகவில்லை என்று அவர்கள் சொன்னால் அடுத்த பூவுக்கு வாங்க மாட்டோம் என்று மைனிதான் பேசினார். வயல்காரர் நெடுநேரம் யோசித்தார். மில்காரன் அந்த வருஷம் கேட்ட விலையில் அவருக்கும் வயிறு எரிந்துகொண்டிருந்தது. சரி என்றார். அந்தக் கும்பப்பூ நடவில் மோட்டார் அறைச் சாவி வெளியே ஆணியில் தொங்கியது.

அண்ணன் அன்றைக்கே பாக்கியக்காவைத் தேடிப் போனார். அக்கா அதற்குள் அண்டி ஆபீசில் சேர்ந்திருந்தார். முந்திரி ஆலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஆபீஸ் என்பது பேரில் மட்டும்தான். நாள் முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்து கொட்டையை உடைக்க வேண்டும், ஓட்டு எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரியும். திரும்பி வா, இப்போது யாரும் உன்னை ஒன்றும் சொல்ல முடியாது என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அக்கா சேலையைக் கொஞ்சம் தூக்கி முழங்காலைக் காட்டினாராம். வீங்கிப்போயிருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன இந்தக் காலை இனித் தொளியில் எப்படி இறக்குவேன் என்று கேட்டிருக்கிறார். கோபம் இல்லை. அவளுக மோட்டார் ரூமுல மாத்துதாளுகளா, கொள்ளாம், நல்ல காரியம், என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

அதைச் சொல்லும்போது அண்ணன் அழுதார். கடையில் ஆள் இருந்தது, அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. நானும் சும்மா ஏதோ பையைத் தைப்பதுபோல் குனிந்துகொண்டேன். யார் சொன்னதால் அந்தக் கதவு திறந்ததோ அவருக்கு அது திறக்கவில்லை. இதற்கு என்ன செய்ய முடியும்? யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த நெல் அறுத்து, அரைத்து, தாங்கலுக்கு முதல் முறை அரிசி போயிற்று. படம் போட்ட பை வேண்டாம் என்று வெறும் வெள்ளைப் பையில் கட்டிக் கொடுத்தேன். அண்ணன் தலைப்பாகையோடு வரிசை முழுவதற்கும் பரிமாறினார். எல்லோரும் எழுந்த பிறகு, அவருக்கு இலை போடப் போனேன். பசியில்லை என்றார். அடுத்த வாரமும் பசியில்லை. அதற்கடுத்த வாரம் மைனியைப் பிடித்துக் கேட்டேன். வீட்டிலும் அந்த அரிசியை அவர் தொடுவதில்லையாம். தெருவுக்கெல்லாம் அதை வாங்க வைத்தவர், ரேஷன் அரிசியில் கஞ்சி வைக்கச் சொல்லிக் குடிக்கிறாராம்.

"பாக்கியம் வந்து இந்தச் சோத்தத் தின்னட்டும், பொறவு நான் திங்கேன்னு ஒரே நெலையா நிக்காவ. நான் என்ன செய்ய?" என்றார் மைனி.

அக்காவிடம் போய்ச் சொல்லட்டுமா என்று நான் கேட்டதற்கு, சொல்லவே கூடாது என்று அண்ணன் சத்தியம் வாங்கியிருப்பதாகச் சொன்னார். அவளாக வர வேண்டும், என் பட்டினியைக் காட்டி அவளை வரவைத்தால் அது மறுபடியும் என் இஷ்டத்துக்குச் செய்வதாகும் என்பது அவர் கணக்கு. அதனால் அக்காவைப் பார்க்கிறபோதெல்லாம், ஞாயிற்றுக்கிழமை தாங்கலுக்கு வா என்று மட்டும் சொல்வார். பாப்போம் அண்ணே என்பார் அக்கா. ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குத் துணி துவைக்கவும், வீங்கின காலை நீட்டிப் படுக்கவும்தான் நேரம் இருக்கும். அவர் கூப்பிடுவதும் இவர் வராததும் ஒரு வழக்கம்போல ஆகிவிட்டது. சிலர் விலை கூடுதல் என்று விலகினார்கள், புதிதாகச் சிலர் சேர்ந்தார்கள். நடவு நடந்தது, அறுப்பு நடந்தது, அண்ணன் பரிமாறிவிட்டுக் கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போனார்.

ஒரு கும்பப்பூ அறுப்புக்கு முன்னால், காலையில் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆசுபத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. எங்கள் முறைப்படி வடக்குப் பார்த்து உட்கார வைத்து அடக்கினோம். நடவுப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வயல்காரரும் வந்து ஓரமாக நின்றார். மீன்காரி வந்தாள். சந்தையில் அவரைக் கண்டால் ஓடுகிறவர்கள் எல்லாம் வந்து நின்றார்கள். பாக்கியக்கா வரவில்லை. ஆலையில் சேதி தெரியவில்லை என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்து, அவர் பேருக்குத் தாங்கலில் அன்னதர்மம் வைத்தோம். நான் தலைப்பாகை கட்டிக்கொண்டு சோற்றுச் சட்டியோடு நின்றேன். அவர் நிற்கிற இடம் அது. வரிசை பாதி நிறைந்த பிறகு பாக்கியக்கா வந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து, நடவுப் பெண்களுக்கு நடுவே சிரமப்பட்டு உட்கார்ந்து, ஒரு காலை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டார். இலையில் சோறு போட்டேன். கறுத்த விரலால் சோற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது யாரு நட்டது தம்பி?"

பக்கத்தில் இருந்த பெண்களே, நான், நான் என்று ஒவ்வொருத்தியாகத் தங்கள் பேரைச் சொன்னார்கள். அக்கா ஒவ்வொரு பேருக்கும் தலையாட்டினார். எல்லாரும் அவர் கூட்டிக்கொண்டு வந்த ஆட்கள். அவளுக நட்டா வரிச கோணாது என்று சொல்லிவிட்டு, அண்ணன் இதை விரும்பிச் சாப்பிடுவாரா என்று என்னைக் கேட்டார்.

நான் மைனியைப் பார்த்தேன். மைனி சாம்பார் வாளியோடு நின்றவர், சத்தியத்தை இனி யாருக்காகக் காப்பாற்ற என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு பருக்கைகூடச் சாப்பிட்டதில்லை என்றார். ஏன் என்பதையும் சொன்னார்.

பாக்கியக்கா இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது.

"ஊரெல்லாம் கேட்டாரு. இதயும் எங்கிட்டக் கேக்கல்லியே. ஒரு வார்த்த கேட்டிருந்தா, தின்னுங்க அண்ணேன்னு அண்ணைக்கே சொல்லியிருப்பேனே."

அக்கா சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். மைனி வாளியைத் தரையில் வைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான் இன்னொரு இலையை எடுத்துப் போட்டேன்.